பழைய ஏழரை

மூன்று காலில் நிற்கிறது பீப்பாய்.
அடியில் ஒரு தட்டு, மோட்டார்,
உள்ளங்கையளவு பேட்டரி,
சொன்ன சொல் தவறாத டைமர்.
காலை ஏழரைக்கு எட்டு விநாடி,
மாலை ஐந்தரைக்கு எட்டு விநாடி
தட்டு சுழலும்.
சோளம் பீப்பாயின் காலில் பட்டுத் தெறித்து
இருபதடி வட்டத்தில் சிதறும்.
ஆகஸ்டிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு.

மூட்டை ஐம்பது பவுண்டு,
லானோ கடையில் பதினொரு டாலர்.
இருபத்தாறு மூட்டை என் தோளேறி இறங்கின.
ஏணியில் நான்காவது படி ஆடும்,
பழகிவிட்டது.
சரிவில் அரை ஏக்கர் கல் பொறுக்கி
குளோவரும் டர்னிப்பும் விதைத்தேன்.
மழை வரவில்லை. பிறகு வந்தது,
பாதி விதையை ஓடைக்குக் கொடுத்துவிட்டுப் போனது.
முளைத்த பாதியின் ஓரத்தில்
ஓர் உப்புக்கட்டி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
இதை எந்த மானிடம் போய்ச் சொல்ல?

கேமராவில் முதலில் வந்தவர்கள் அழையாதவர்கள்.
தட்டைக் கையாலேயே சுற்றக் கற்ற ரக்கூன்.
குடும்பத்தோடு பன்றிகள்.
பிறகு பிணைகள், நனைந்த கண்ணாடிக் கண்ணோடு.
செப்டம்பரில் ஓரிரவு அவன்.
கொம்பில் தோல் கந்தலாய்த் தொங்க,
இடது காது கிழிந்து,
எட்டுக் கிளை.
எப்போதும் கடைசியில் வருவான்,
ஒரு நிமிடம் நிற்பான்,
படத்தின் விளிம்பில் பாதி உடம்பு.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பத்தொன்பது வருடம், ஒரு நாள் தாமதமில்லை.
மேசன் சாலையில் சில வீடுகளில்
என் ஹாரனைக் கேட்டுத்தான்
ஷூவின் இரண்டாவது கால் தேடுவார்கள்.

சனிக்கிழமை பருவம் திறந்தது.
மரப்பெட்டிக்குள் துப்பாக்கியும் நானும்.
மூடுபனி. பிணைகள் மட்டும்.
சுடவில்லை.

அன்றிரவு நாடே
கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு இழுத்தது.
கைபேசி தானே திருந்தியது.
சுவரில் இருந்ததை நான் திருத்தினேன்.
அடுப்பில் இருந்ததை.
பிக்கப்பில் இருந்ததைக்கூட,
கையேட்டைத் தேடியெடுத்து.

ஞாயிறு ஆறே முக்கால்.
முக்கால் மணி முன்னதாக, வழக்கம்போல,
பிளாஸ்க்கோடு நடக்கிறேன்.
ஓக் மரங்களுக்குக் கீழே
வெளிச்சம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.
கால் நின்றுவிட்டது.
ஏழரை போய்விட்டது.
பீப்பாய்க்கு யாரும் சொல்லவில்லை,
மான்களுக்கும்.
தரையில் பொடித்த சோளம்,
பிளந்த குளம்புகள், அவற்றின் மேல் குளம்புகள்,
எல்லாம் கிழக்கு வேலி நோக்கி.

அங்கிருந்து ஒரே ஒரு வெடி.
காகங்கள் எழுந்தன.
பிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடித்தேன்.
வேறென்ன செய்ய.

மாலையில் ஓர்வல் ஷ்மிட்கே வந்தார்.
பிக்கப்பை அணைக்காமலே இறங்கினார்.
"எட்டுக் கிளை, ஆர்டித்.
இடது காது கிழிஞ்சது."
தெரியும் என்றேன்.
தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ படிப்பதுபோல் பார்த்தார்.
"வயித்தைத் திறந்தேன். அடியில என் ஓட்ஸ்.
அதுக்கு மேல தொண்டை வரைக்கும் சோளம்.
நான் சோளம் போடுறதில்ல."

இப்படிச் சொல்லாமலே இருந்திருக்கலாம் அவர்.
வெள்ளைத் தாளில் சுற்றி
முதுகுக்கறி இரண்டு, ஒரு பின்தொடை,
மிளகு போட்ட சாசேஜ் இன்னும் பத்து நாளில்.
"கொம்பு?" என்றேன்.
கழுத்தைச் சொறிந்தார்.
"கொம்பு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சே."
இருவரும் சிரித்தோம்,
நான் கொஞ்சம் குறைவாக.

இரும்புச் சட்டியில் வெண்ணெய், உப்பு.
இரண்டு பக்கமும் மூன்று நிமிடம்.
கறி லேசாக இனித்தது.
இருபத்தாறு மூட்டை, என்று
மென்றுகொண்டே கணக்குப் போட்டேன்,
ஓடையோடு போன விதையைச் சேர்க்காமல்.

டைமரை இன்னும் மாற்றவில்லை.
ஏணி பிக்கப்பிலேயே கிடக்கிறது.
ஜனவரிவரை பருவம் இருக்கிறது,
கேமராவில் நேற்று ஆறு கிளையோடு ஒரு சின்னவன்
சோளத்தை விட்டுவிட்டு உப்பை நக்குகிறான்.
பேருந்துக்குப் புது நேரம்.
சனி ஞாயிறில் மட்டும்
பழைய ஏழரைக்கு
நான் போய்க்கொள்கிறேன்.